நொபிலி என்ற பெயர்

நம்மில் பலருக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டம் வந்தால் அப்பா பெயரைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். இத்தாலியர்கள் கதையே வேறு. அப்படியொரு குடும்பப் பெயரோடு தமிழகம் வந்து, அதன் பொருளை நம்பியே காரியம் தொடங்கியவர் ராபர்ட் தெ நொபிலி.

1577-ல் பிறந்தார். குடும்பம் தஸ்கனி நாட்டு மாண்டேபுல்சியானோவைச் சேர்ந்தது. இத்தாலிய மொழியில் 'நொபிலே' என்றால் உயர்குடியாளர். 'நொபிலி' அதன் பன்மை. 'தெ' சேர்ந்தால் உயர்குடியினரைச் சேர்ந்தவர் என்று பொருள்.

இயேசு சபைத் துறவியாக 1605-ல் கோவா வந்து, 1606-ல் மதுரை சேர்ந்தார். அங்கே ஐரோப்பியர் என்றாலே பரங்கி. மாட்டிறைச்சியும் மதுவும் உண்பவர் என்று மக்கள் ஒதுங்கினார்கள். தான் பரங்கி இல்லை, ரோமாபுரியின் உயர்குலத்தவன் என்று நொபிலி ஓலையிலேயே எழுதி அறிவித்தார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தத்துவபோதகர் ஆனார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். சொந்த சபையிலேயே எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

பெயர் கதவைத் திறந்தது வாஸ்தவம்தான். ஆனால் உயர்குலத்தார் என்று சொல்லி நுழைந்தவரால் தாழ்த்தப்பட்டவர்களோடு தாராளமாகப் பழக முடியவில்லை. அவர்களுக்கென்று தனிக் குருமார்களை வைக்க வேண்டியதாயிற்று. ஊரில் இருந்த பிரிவினை கோயிலுக்குள்ளும் தொடர்ந்தது. அவரை எவ்வளவு மதித்தாலும் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பெயருக்கு இன்னும் பழைய பொருள் ஒன்று உண்டு. மூலமான லத்தீன் சொல் 'நொபிலிஸ்'; முதலில் அதற்கு 'அறியப்பட்டவர்' என்றுதான் பொருள். குலம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 'அறிதல்' என்ற அந்த வேரும், நாம் 'ஞானம்' என்கிறோமே, அந்தச் சொல்லின் சமஸ்கிருத வேரும் ஒரே மூலத்தில் பிறந்தவை. நொபிலி தமிழில் எழுதிய பெரிய உரைநடை நூலின் பெயர் ஞானோபதேசம்!

பார்வை மங்கிய நிலையில் மயிலாப்பூரில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1656 ஜனவரி 16-ல் காலமானார். நம் சென்னீர்குப்பத்திலிருந்து பஸ் மாறிப் போனால் எட்டிவிடும் தூரம்தான். இன்று அவருடைய குலத்தை யாரும் விசாரிப்பதில்லை. தமிழ் உரைநடையின் முன்னோடிகளில் ஒருவர் என்றே அறிகிறோம். தம்பி தங்கைகளே, இனிஷியலோடு வேலைக்குக் கிளம்பும் உங்களுக்கும் எந்தப் பொருள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.