வியாழன் எழுப்பும் ஓசையும் டாக்டர் பாபாவும்

செம்பூரிலிருந்து டிராம்பே பக்கம் பஸ்சில் போகிறவர்கள் அணுசக்தி நகரைப் பார்த்திருப்பீர்கள். அணு உலை என்றால் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா நினைவுக்கு வருவார். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை நம் நாடு கேட்கத் தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1909 அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார். இஞ்சினீயராக வேண்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார் தகப்பனார். மகனின் மனமோ பௌதிகத்தில் போய் விழுந்தது. விண்ணிலிருந்து பாயும் ஒரே ஒரு வேகமான எலெக்ட்ரான் காற்றில் மோதி எப்படிப் பல மடங்காகப் பெருகுகிறது என்பதை 1937-ல் ஹைட்லருடன் சேர்ந்து விளக்கினார். 1939-ல் விடுமுறைக்கு வந்தவர், யுத்தம் மூண்டதால் இங்கேயே தங்கிவிட்டார். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் வேலை. 1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உதயமாயிற்று.

1955-ல் அமெரிக்காவில் பர்க், பிராங்க்ளின் என்ற இருவர், வியாழன் கிரகத்திலிருந்து ரேடியோ இரைச்சல் வருவதைத் தற்செயலாகக் கண்டார்கள். கிரகத்தில் ஏது வானொலி நிலையம்? வியாழன் ஒரு ராட்சதக் காந்தம். அதில் சிக்கிய எலெக்ட்ரான்கள் ஸ்பிரிங் கம்பிபோலச் சுருண்டு சுருண்டு ஓடுகின்றன. அப்படி ஓடும்போது ரேடியோ அலைகளை உதறிக்கொண்டே போகும். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுபவை ஒரு வகை அலையை எழுப்புகின்றன. துருவப் பக்கம் பாய்பவை எழுப்பும் அலை வேறு. அதுதான் 1955-ல் கேட்டது. ஷார்ட் வேவ் ரேடியோவிலேயே அது சில சமயம் விழும்! இதற்குத் தூண்டுகோல் அயோ என்ற துணைக்கோள். காந்தப் புலத்தினூடே அது ஓடும்போது டைனமோபோல மின்சாரம் உண்டாகி, எலெக்ட்ரான்களைத் துருவத்துக்குத் தள்ளுகிறது.

இந்தத் துறையில் பயின்று வெளிநாட்டில் இருந்த 4 இந்திய இளைஞர்கள், தாய்நாட்டில் வேலை செய்ய விரும்பி 1961-ல் எழுதினார்கள். ஆபீசில் பைல் நகரும் அழகு நமக்குத் தெரியாததா? பாபா சில மாதங்களில் தந்தியடித்தே சம்மதம் சொல்லிவிட்டார். அவர்களில் ஒருவரான கோவிந்த் ஸ்வரூப் 1963-ல் வந்து சேர்ந்தார். 1965-ல் நம் கல்யாணில் 32 சிறிய தட்டுகள் சூரியனை நோக்கி நின்றன.

1966 ஜனவரி 24-ந் தேதி ஏர் இந்தியா விமானம் மாண்ட் பிளாங்க் மலையில் மோதியது. பாபாவுக்கு அப்போது வயது 56.

ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப் எழுந்தது 1970-ல். பின்னர் புனே மாவட்டம் நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளை நிறுவியதும் ஸ்வரூப்தான். வியாழனைச் சுற்றி ஓடும் எலெக்ட்ரான்களின் அலை அங்கே பதிவாகியிருக்கிறது.