எஸ். எஸ். வாசன்

எஸ். எஸ். வாசன் (இறப்பு: ஆகஸ்ட் 26, 1969) தமிழ் இதழாளர், பதிப்பாளர், எழுத்தாளர், திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர் ஆவார். ஆனந்த விகடன் இதழின் உரிமையாளராகவும் ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனராகவும் பரவலாக அறியப்படுகிறார். விளம்பர முகவராகத் தொழில் வாழ்வைத் தொடங்கிய இவர், விளம்பரத்தையும் மக்கள் தொடர்பையும் தம் நிறுவனங்களின் அடிப்படையாக ஆக்கிக்கொண்டார். தமிழ்நாட்டில் திட்டமிட்ட வணிக விளம்பரத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். இயற்பெயர் சீனிவாசன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர் தாயாருடன் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார் எனினும் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. குடும்பப் பின்புலமோ முதலீடோ இல்லாத நிலையில் பிழைப்புக்காக அவர் தேர்ந்த தொழில் விளம்பர முகவர் பணி. வணிகர்களிடமிருந்து விளம்பரங்களைப் பெற்று இதழ்களுக்கு அளித்துத் தரகு பெறுவது இத்தொழிலின் இயல்பு. அத்துடன் அஞ்சல் வழி வணிகத்திலும் ஈடுபட்டார். முகம் அறியாத வாசகர் ஒருவரை அச்சிட்ட சொற்களால் மட்டுமே பொருள் வாங்க வைக்கும் பயிற்சி அவருக்கு இதில் கிடைத்தது.

ஆனந்த விகடன்

ஆனந்த விகடன் 1926ஆம் ஆண்டு பூதூர் வைத்தியநாதையரால் தொடங்கப்பட்டது. வாசன் இவ்விதழுக்கு விளம்பரம் அளித்து வந்தார். பொருள் முடையால் இதழ் நின்றபோது, அதன் உரிமையை 200 ரூபாய்க்கு வாங்கி 1928இல் மீண்டும் வெளியிட்டார். பெயரிலுள்ள 8 எழுத்துகளுக்கு எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் விலை கணக்கிடப்பட்டது என்று சொல்லப்படுவதுண்டு.

மாத இதழாக இருந்த விகடன் படிப்படியாக வார இதழாக வளர்ந்தது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, தேவன் ஆகியோரின் எழுத்தும் மாலியின் சித்திரங்களும் இதழுக்குத் தனி அடையாளம் தந்தன. 1930களில் பரிசுத் தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகளை வாசன் நடத்தினார். இவை விற்பனையைப் பெரிதும் உயர்த்தின. இப்போட்டிகளில் சூதாட்டத்தின் சாயல் உண்டு என்ற கண்டனமும் எழுந்தது. இத்தகைய பரிசுப் போட்டிகளை ஒழுங்குபடுத்த இந்திய அரசு 1955இல் தனிச் சட்டம் இயற்றியது.

இதழும் திரைப்படமும்

வாசன் எழுதிய சதி லீலாவதி என்னும் கதை 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் திரைப்படமானது. எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த முதல் படம் இதுவே. 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி படத்தின் கதையைக் கல்கி விகடனில் தொடராக எழுதினார். வழக்கமான ஓவியங்களுக்கு மாற்றாகப் படத்தின் ஒளிப்படங்களே தொடருடன் அச்சிடப்பட்டன. இதனால் படம் திரைக்கு வருமுன்பே கதைமாந்தரின் முகங்கள் வாசகர்களுக்குப் பழகிவிட்டன. இதழும் திரையும் ஒன்றுக்கொன்று விளம்பரமாக அமைந்த தொடக்க கால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

ஜெமினி ஸ்டூடியோ

தீ விபத்துக்குள்ளான ஒரு படப்பிடிப்பு நிலையத்தை வாசன் ஏலத்தில் வாங்கிச் சீரமைத்து, ஜெமினி ஸ்டூடியோ எனப் பெயரிட்டார். குழல் ஊதும் இரட்டைச் சிறுவர்கள் அதன் சின்னமாயினர். மதனகாமராஜன் (1941), தெலுங்கில் பாலநாகம்மா (1942), மங்கம்மா சபதம் (1943) முதலியன இந்நிறுவனத்தின் தொடக்க காலப் படங்கள். நடிகர்களும் எழுத்தாளர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் மாத ஊதியத்தில் பணியாற்றினர். கதை இலாகா, விளம்பரப் பிரிவு எனத் தனித்தனித் துறைகள் இயங்கின.

சந்திரலேகா

வாசனின் தொழில் வாழ்வில் மிகப் பெரிய சோதனையாக அமைந்தது சந்திரலேகா. டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்த இப்படத்தின் தயாரிப்பு பல ஆண்டுகள் நீடித்தது. சர்க்கஸ் குழுக்கள் வரவழைக்கப்பட்டன. ராட்சத முரசுகளின்மேல் ஆடும் முரசு நடனத்துக்காக நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பல மாதங்கள் ஒத்திகை பார்த்தனர். செலவு சுமார் 30 இலட்சம் ரூபாயைத் தொட்டது. அக்காலத்தில் இது கேள்விப்படாத தொகை. படத்தை முடிப்பதற்காக வாசன் தம் சொத்துகளை அடகு வைத்தார் என்பர்.

படம் 1948 ஏப்ரல் 9 அன்று வெளியானது. மக்கள் திரண்டு வந்து பார்த்தபோதிலும், தமிழ்ப் பகுதியின் வசூல் மட்டும் செலவை ஈடுகட்டப் போதவில்லை. எனவே சில காட்சிகளை மாற்றியும் சேர்த்தும் இந்திப் பதிப்பை உருவாக்கி, அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார். வட இந்திய மக்களுக்கு வாசன் பெயரும் தெரியாது, நடிகர்களையும் தெரியாது. அந்தக் குறையை விளம்பரத்தால் ஈடுசெய்தார். செய்தித்தாள்களில் பெரிய அளவிலான விளம்பரங்கள், சுவரொட்டிகள், விளக்க நூல்கள் ஆகியன வாயிலாகப் படத்தின் பிரமாண்டமே முன்னிறுத்தப்பட்டது. இந்திப் பதிப்பு பெருவெற்றி பெற்றது. சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு அனைத்திந்தியச் சந்தை திறந்ததற்கு இவ்வெற்றி முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. விளம்பரம் என்பது படம் முடிந்த பின் செய்யும் சிறு செலவு என்ற எண்ணமும் இதனால் மாறியது.

விருந்தோம்பலும் மக்கள் தொடர்பும்

ஜெமினி ஸ்டூடியோ பிரமுகர்களையும் வெளிநாட்டு விருந்தினரையும் வரவேற்கும் இடமாகவும் விளங்கியது. 1952இல் மாரல் ரீஆர்மமெண்ட் என்னும் பன்னாட்டு இயக்கத்தின் நாடகக் குழுவினர் சென்னை வந்தபோது ஜெமினி நிறுவனம் அவர்களை வரவேற்று உபசரித்தது. இருபது நாடுகளைச் சேர்ந்த சுமார் 200 பேர் அக்குழுவில் இருந்தனர். எளிய மேடையில் வெண்திரையும் குழலிசையும் கொண்டு அவர்கள் காட்டிய சூரிய உதயம், அந்திக் காட்சிகள் பின்னர் தமிழ் நாடகங்களிலும் பின்பற்றப்பட்டன. ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரும் ஸ்டூடியோவுக்கு வருகை தந்தார்.

எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை இங்குப் பணியாற்றினார். செய்தித்தாள்களில் பல்வேறு பொருள்கள் குறித்து வந்த செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது அவர் பணிகளுள் ஒன்று. இவ்வனுபவங்களைப் பின்னாளில் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். ஸ்டூடியோவின் அன்றாட நடைமுறையை அறிய உதவும் ஆவணமாக அந்நூல் விளங்குகிறது.

பிற்காலம்

ஔவையார் (1953), வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958), இரும்புத்திரை (1960) ஆகியன ஜெமினியின் பிற்காலத் தமிழ்ப் படங்களுள் சில. இந்தியில் இன்சானியத் (1955), பைகாம் (1959) முதலியன வெளிவந்தன. 1960களில் நட்சத்திர நடிகர்களின் ஊதியம் உயர்ந்தது. மாத ஊதியம் தந்து பெரும் பணியாளர் குழுவைப் பேணும் ஸ்டூடியோ முறை நலிவடைந்தது. விளம்பரத் திறன் ஒன்றால் மட்டும் இம்மாற்றத்தைத் தடுக்க இயலவில்லை. எம். ஜி. இராமச்சந்திரனின் நூறாவது படமான ஒளிவிளக்கு 1968இல் ஜெமினி தயாரிப்பாக வெளிவந்தது.

இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் வாசன் பணியாற்றினார். 1969இல் பத்ம பூஷண் விருது பெற்றார். அவ்வாண்டே ஆகஸ்ட் 26 அன்று காலமானார்.

நினைவு

வாசனின் நினைவாக இந்திய அஞ்சல் துறை 2004இல் அஞ்சல் தலை வெளியிட்டது. ஸ்டூடியோ இருந்த இடத்தின் ஒரு பகுதியில் பின்னர் நட்சத்திர விடுதி எழுந்தது. அதனருகே 1973இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்பதே அதிகாரப்பூர்வப் பெயர். எனினும் சென்னை மக்களின் பேச்சு வழக்கில் அது ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கப்படுகிறது.