ஏடு காத்த செம்மல்

சென்னை மாநகரில், மாநிலக் கல்லூரியின் வளாகத்தில், கடலை நோக்கியவாறு பெரியவர் ஒருவரின் சிலை நிற்கின்றது. 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிலை அது. அப்பெரியவர் நாடாண்ட மன்னர் அல்லர். பெருஞ்செல்வம் படைத்தவரும் அல்லர். அழியும் நிலையிலிருந்த ஓலைச் சுவடிகளைத் தேடியெடுத்து, அவற்றிலுள்ள நூல்களை அச்சிட்டுத் தமிழ் மக்களுக்கு வழங்கிய டாக்டர் உ. வே. சாமிநாதையரே அவர்.

ஐயரவர்கள் தம் வாழ்வின் பிற்பகுதியைக் கழித்தது கடற்கரை நகராகிய சென்னையில். ஆனால், அவருடைய தமிழ்க் கல்வி வேரூன்றியது கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள உள்நாட்டுச் சிற்றூர்களில். மதுரகாளியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற சிறுவாச்சூரும், அதன் அண்மையிலுள்ள பெரம்பலூரும், கிழக்கேயுள்ள குன்னமும் அரியலூரும் வானத்து மழையை நம்பி வாழும் புன்செய் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. சோளமும் கம்பும் வரகும் விளைந்த அந்நிலத்தில், தமிழ்ப் புலமையும் விளைந்திருந்தது.

தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். ஊர்தோறும் இராமாயணக் கதை சொல்லி, மக்கள் அன்புடன் அளிப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். நிலையான வருவாய் இன்மையால் அக்குடும்பம் ஓரூரில் நிலைத்து வாழ இயலவில்லை. மகனுக்குத் தமிழில் இருந்த ஆர்வத்தைக் கண்ட தந்தையார், தக்க ஆசிரியர் இருக்கும் ஊர்களை நாடிச் செல்வாராயினார்.

அரியலூரில் சடகோபையங்காரிடம் இளஞ்சாமிநாதர் தமிழ் கற்றார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும் அவருக்குப் பாடஞ் சொன்னார்கள். செய்யுள் இயற்றும் முறையைக் கூறும் யாப்பருங்கலக் காரிகையைச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் கேட்டுணர்ந்தார். இவர்களுள் சைவரும் உண்டு, வைணவரும் உண்டு. குலமும் சமயமும் வேறாயினும், தாம் கற்ற தமிழைப் பிறர்க்கு உரைப்பதில் இவர்கள் அனைவரும் ஒரே மனத்தினராய் விளங்கினர்.

மேலும் உயர்ந்த கல்வியை விரும்பிய சாமிநாதர், 1871-ஆம் ஆண்டில் மாயூரம் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரானார். 1876-இல் ஆசிரியர் மறையும்வரை அவரைப் பிரியாது உடனிருந்து கற்றார். பின்னர், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய முயற்சியால் 1880-இல் அப்பதவி சாமிநாதையருக்குக் கிடைத்தது.

அவ்வாண்டிலேயே அவர் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். தாம் கற்ற அந்தாதிகள், கோவைகள், புராணங்கள் முதலியவற்றை வரிசையாகக் கூறினார். முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பழங்காப்பியங்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை. பல நூல்களைக் கற்றிருந்தும், மூலமாய் நின்ற பெருநூல்களை அறியவில்லையே என்று அவர் நாணினார். அந்நாணமே தமிழுக்கு நலமாய் முடிந்தது.

முதலியார் தந்த சிந்தாமணிப் படியை ஐயர் ஆராயத் தொடங்கினார். அது சைன சமயக் காப்பியம். ஐயரோ சைவச் சூழலில் கற்றவர். புரியாத இடங்களைத் தாமே புனைந்துரைக்க அவர் உடன்படவில்லை. சந்திரநாத செட்டியார் முதலிய சைன நண்பர்களை நாடி, ஒரு மாணவரைப் போல் அமர்ந்து கேட்டுத் தெளிந்தார். பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்களைத் திருத்தினார். அன்பர்களிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

பின்னர், ஏடு தேடுவதே அவர் வாழ்வாயிற்று. விடுமுறை நாள்களில் ஊர் ஊராகச் சென்று, வீட்டுப் பரண்களிலும் மடங்களிலும் கோயில்களிலும் சுவடிகளைத் தேடினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உண்டெனக் கேட்டு ஆவலுடன் சென்றார். பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்டன என்னும் செய்தியே அவருக்குக் கிடைத்தது. தீயில் எரிந்தவை எந்நூல்களோ என்று எண்ணி அவர் உள்ளம் நொந்தது. ஆயினும், அத்துயரம் அவர் முயற்சியை மேலும் விரைவுபடுத்தியது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அரிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

1903-இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 1919 வரை அங்குப் பணிபுரிந்தார். அரசாங்கம் 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டத்தை அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டங்கள் பெருகியபோதும் பழைய உதவிகளை அவர் மறந்தாரல்லர். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார்.

முதுமையில், 1940 முதல் ஆனந்த விகடன் இதழில் தம் வரலாற்றை எழுதிவந்தார். அதில் அரியலூரும் குன்னமும் கார்குடியும் செங்கணமும், அங்குத் தமக்குக் கற்பித்தோரும், தம் குடும்பத்திற்கு உணவளித்தோரும் அன்புடன் குறிக்கப்பெற்றுள்ளனர். அவர் எழுதியிராவிடின் அச்சிற்றூர் ஆசிரியர்களின் பெயர்களை நாம் அறிந்திருப்போமா? பழம்புலவர்களின் ஏடுகளைக் காத்தவர், தம் ஆசிரியர்களின் நினைவையும் அவ்வாறே காத்தார்.

உலகப்போரின் அச்சத்தால் சென்னை மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறிய காலத்தில், ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அங்கே 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் திரட்டிய சுவடிகளைப் பாதுகாக்க மறு ஆண்டில் அவர் பெயரால் சென்னையில் ஒரு நூல்நிலையம் தோன்றியது. திருவல்லிக்கேணி இல்லம் 2012-இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆயினும், அவ்வீட்டில் இருந்து அவர் ஆராய்ந்து அச்சிட்ட நூல்கள் இன்றும் நம் கைகளில் உள்ளன.

புன்செய் நிலத்துச் சிற்றூர்களில் பெற்ற கல்வியைக் கடற்கரை நகரிலிருந்து உலகெங்கும் பரப்பிய பெருந்தகை சாமிநாதையர். அறியாததை அறியேன் என ஒப்புக்கொள்ளும் பணிவும், பெற்றதைப் பன்மடங்காகத் திருப்பியளிக்கும் நன்றியும் அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடங்களாகும்.