தியான்சந்தின் புகழ் தகுமா?

விருதுநகரிலிருந்து கோவில்பட்டிக்கு ஹாக்கி பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு கதை காதில் விழும். தியான்சந்தின் மட்டைக்குள் காந்தம் இருந்ததாம்! இயற்பியல் படிக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அன்றைய பந்து தக்கையும் தோலும். காந்தம் எதை இழுக்கும்?

1905-இல் அலகாபாத்தில் பிறந்த அவர், 1922-இல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். வேலை முடிந்தபின் நிலவொளியில் பழகியதால்தான் தியான்சிங் ‘சந்த்’ ஆனார் என்பர். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஐந்து ஆட்டங்களில் 14 கோல்கள் போட்டார்.

குறை சொல்வோரும் உண்டு. அந்நாளில் பிரிட்டன் ஒலிம்பிக் ஹாக்கிக்கு அணி அனுப்பவில்லை. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடியவை மூன்றே நாடுகள். அங்கு அமெரிக்காவை 24–1 என்று வென்றதை நானும் பெரிதாக எண்ணவில்லை. அதிலும் தம்பி ரூப்சிங்தான் அண்ணனைவிட அதிகக் கோல் போட்டார்!

ஆனால் 1936-இல் பெர்லினில் நடந்தது வேறு. பயிற்சி ஆட்டத்தில் நம்மை 4–1 என்று தோற்கடித்த ஜெர்மனியை, அதன் சொந்த மண்ணிலேயே, இறுதி ஆட்டத்தில் 8–1 என்று வென்றது தியான்சந்த் தலைமையேற்ற அணி. அந்த ஓர் ஆட்டமே எனக்குப் போதும்.

மேஜராக ஓய்வு பெற்ற அவர், 1979 டிசம்பர் 3 அன்று டில்லி மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் கண்மூடினார். காந்தக் கதை சொல்பவர்கள் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.