அடிமைத் தாயின் மகன் வேர்க்கடலை விஞ்ஞானி ஆனார்!

ஒரு குழந்தையின் விலை ஒரு குதிரை!

அந்த விலைக்கு மீட்கப்பட்ட குழந்தைதான், பின்னாளில் உலகம் போற்றும் விவசாய விஞ்ஞானி ஆயிற்று. அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில், 1864-ம் ஆண்டு வாக்கில் கார்வர் பிறந்தார். தாய் மேரி ஓர் அடிமை. மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயி அவளை விலைக்கு வாங்கியிருந்தார்.

ஜார்ஜ் கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது. மீட்டு வந்தவருக்கு ஒரு குதிரை பரிசாகக் கிடைத்தது. தாய் திரும்பி வரவே இல்லை.

செடி வைத்தியர்

அடிமை முறை ஒழிந்தது. மோசஸ் தம்பதிகளே ஜார்ஜை வளர்த்தார்கள். நோஞ்சான் பிள்ளை. வயல் வேலை செய்ய முடியவில்லை. சமையலும் தோட்ட வேலையும் கற்றான். வாடிய செடியும் அவன் கை பட்டால் தழைத்தது. செடி வைத்தியர் என்று அக்கம்பக்கத்தார் அவனை அழைத்தார்கள்.

துணி துவைத்தும் சமையல் செய்தும் ஊர் ஊராகப் போய்ப் படித்தான். ஒரு கல்லூரி கடிதத்தில் இடம் தந்தது. நேரில் போனதும், கறுப்பு நிறத்தைக் கண்டு கதவைச் சாத்தியது.

அவர் மனம் தளரவில்லை. அயோவா விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவரே. 1894-ல் பட்டம் பெற்றார். 1896-ல் மேல் பட்டமும் பெற்றார்.

சத்து இழந்த மண்

அதே ஆண்டு, அலபாமா மாநிலத்தில் டஸ்கீஜி என்ற ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கறுப்பின மக்களுக்காகப் புக்கர் வாஷிங்டன் அங்கே கல்விக்கூடம் நடத்தி வந்தார். கார்வர் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே எங்கு பார்த்தாலும் பருத்தி. ஆண்டுதோறும் பருத்தியே போட்டதால் மண் சத்தை இழந்திருந்தது. வாரத்துக்கு உழுதவர்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. இவையே அவர்கள் சாப்பாடு. இதனால் தோல் வெடித்து, புத்தியும் தடுமாறும் பெல்லாக்ரா என்ற நோய் தெற்கு மாநிலங்களில் பல உயிர்களைக் குடித்தது.

இரண்டு சோதனைகள்

கார்வர் பயிர்களுக்கு இரண்டு சோதனைகள் வைத்தார். அது மண்ணுக்குச் சத்துக் கொடுக்கிறதா? வீட்டில் உள்ளவர்களுக்குச் சத்துக் கொடுக்கிறதா?

பயறு வகைகள் இரண்டிலும் தேறின. பயறுச் செடியின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றில் உள்ள தழைச்சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கும். செடியை மடக்கி உழுதால் நிலமும் பயன் பெறும்.

முதலில் காராமணியைப் பயிரிடச் சொன்னார். அடுத்து வேர்க்கடலைக்கு வந்தார். பண்ணையில் பல ரகங்களை விதைத்துப் பார்த்தார். எது குத்தாக வளர்கிறது, எது கொடியாகப் படர்கிறது, எது சீக்கிரம் முற்றுகிறது, எதன் தோடு மெல்லியது, எதில் எண்ணெய் மிகுதி என்று கவனித்தார்.

ஸ்பானிஷ் என்ற கொத்து ரகத்துக்கே முதல் இடம் கொடுத்தார். காய்கள் ஆணிவேரைச் சுற்றிக் கொத்தாகக் காய்க்கும். நெருக்கி விதைக்கலாம். பொக்கு குறைவு.

படிக்காத உழவர்களுக்காக, 1906 முதல் வண்டியிலேயே விவசாயப் பள்ளி ஊர் ஊராகப் போயிற்று. 1916-ல், வேர்க்கடலையைப் பயிரிடும் முறையோடு 105 சமையல் குறிப்புகளையும் சேர்த்துச் சிறு நூலாக வெளியிட்டார். வயலுக்கும் அடுப்புக்கும் ஒரே நூல்!

அந்த நாளில் கூன்வண்டு பருத்தியை அழித்துக்கொண்டிருந்தது. நொந்துபோன பல விவசாயிகள் கடலைக்கு மாறினார்கள்.

பத்து நிமிடம்

1921-ல் அமெரிக்க மக்கள் சபைக் குழு முன்பு கார்வர் சாட்சி சொன்னார். வெளிநாட்டுக் கடலைக்கு வரி போடுவது பற்றிய விசாரணை அது. பத்து நிமிடமே கொடுத்தார்கள். கடலையில் செய்த பண்டங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உறுப்பினர்கள் வியந்து, நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். 1922-ல் வரி வந்தது.

வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அவருக்கு முன்பே அது இருந்தது. ஏழையின் வயலையும் தட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததுதான் அவருடைய பெருமை.

பெல்லாக்ராவைத் தீர்ப்பது நியாசின் என்ற சத்து என்று 1937-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். வேர்க்கடலையில் அந்தச் சத்து நிறைய இருக்கிறது!

கார்வர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் சேமிப்பான சுமார் 60 ஆயிரம் டாலரை ஆராய்ச்சிக்கே எழுதி வைத்தார். 1943 ஜனவரி 5-ந் தேதி காலமானார்.

அவர் பிறந்த பண்ணை இன்று தேசிய நினைவிடம். தாயும் பிள்ளையும் கொள்ளை போன அதே மண்ணில், அந்தப் பிள்ளைக்குச் சிலை நிற்கிறது.