ராபர்ட் போஷும் ஒரு துளி தூசும்

பழைய டீசல் கார் வைத்திருக்கும் நம் நண்பர்கள் பலர் 'போஷ் பம்ப்' என்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் ராபர்ட் போஷ். 1861-ல் ஜெர்மனியில் உல்ம் நகரருகே, பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தார். நுண்கருவி வேலை பழகி, அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்திலும் வேலை பார்த்துவிட்டு, 1886-ல் ஸ்டுட்கார்ட்டில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். மேக்னெட்டோ பெயர் வாங்கித் தந்தது. 1906-லேயே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை கொடுத்தார்.

1922 கடைசியில் டீசல் பம்ப் செய்யத் துணிந்தார். 1927-ல் உற்பத்தி தொடங்கியது. முதலில் லாரி; 1936-ல் மெர்சிடிஸ் 260 டி கார்.

பம்புக்குள் பிளஞ்சரும் பேரலும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை. இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். துளி தூசு போனாலும் கீறல் விழும். தண்ணீர் போனால் துரு பிடிக்கும். அதனால்தான் ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொரு பேரலில் போடவே கூடாது.

பணம் போனாலும் வாங்கியவர் நம்பிக்கை போகக்கூடாது என்று நினைத்த போஷ், 1942-ல் மறைந்தார். தம்பிகளே, லேபில் பம்பைப் பிரிக்கும் முன் மேஜையைத் துடையுங்கள், கையைக் கழுவுங்கள். அவரிடம் கற்க வேண்டிய முதல் பாடம் அதுதான்.