சீதக்காதி எழுப்பிய கல் பள்ளி

சமாதியருகே அழுத புலவருக்கு மண்ணுக்குள்ளிருந்து கை நீண்டு மோதிரம் தந்ததாம். சீதக்காதியின் இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பீர்கள். அவர் உயிரோடிருந்தபோது கொடுத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? இராமநாதபுரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தெற்கே, கீழக்கரையில் இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கப்பல் வணிகர் அவர். இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதர். தமிழ் நாவில் அதுவே சீதக்காதி ஆயிற்று. டச்சுக்காரர்களின் ஆவணங்களில் பெரிய தம்பி மரைக்காயர். வியாபாரத்தில் அவர்களுக்கு இவர் பெரிய தலைவலி. கிழவன் சேதுபதிக்கோ நெருங்கிய நண்பர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் இவர் ஆதரவில் தொடங்கியது. அது முடிவதற்குள் இவர் காலமாக, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார்.

அவர் கட்டிய பெரிய ஜும்மா பள்ளிக்குள் கால் வைத்தால், கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றும். வரிசையாகக் கல் தூண்கள், மேலே போதிகைகள், தட்டையான கல் கூரை. கோயில் கட்டிய அதே மரபின் வேலைதான். தெய்வ உருவமும் மனித உருவமும் மட்டும் கிடையாது. தூண்களில் பூ வேலைப்பாடு. குவிமாடம் இருந்தால்தான் பள்ளிவாசல் என்று நினைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மோதிரக் கதையை நம்புவது உங்கள் விருப்பம், இந்தக் கல்லைத் தொட்டே பார்க்கலாம்.

அந்த வளாகத்திலேயே அவர் அடக்கமாகியிருக்கிறார். அடுத்த முறை ஏர்வாடிக்கோ இராமேசுவரத்துக்கோ போகும்போது கீழக்கரையில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். தொழுகை நேரம் தவிர்த்து, அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.